மூன்றாவதாக இறங்கியவள்

இன்னும் கொஞ்சம் திறங்க மேடம், இன்னும் கொஞ்சம் என்று டாக்டர் நவநீதன் சொல்லச் சொல்ல வாயைத் திறந்துகொண்டே போனேன், காதுக்குப் பக்கத்தில் தாடை டக்கென்றது, இதற்கு மேல் திறந்தால் பெரம்பூரே உள்ளே வந்துவிடும் தம்பி என்று சொல்ல நினைத்தேன், சொல்ல முடியவில்லை, ஊசி போட்டபிறகு மேல் உதடு என்னுடையதாக இல்லை, மூக்கு நுனி வரைக்கும் மரத்துப்போய், யாரோ என் முகத்தில் இன்னொருத்தியின் உதட்டை ஒட்டிவிட்டுப் போன மாதிரி இருக்கிறது. முந்தாநாள் முறுக்கு கடித்தபோது முன்பல்லின் மேலே போட்டிருந்த உறை முறுக்கோடு சேர்ந்து வந்துவிட்டது, பாதி முறுக்கு பாதி பல் என்று கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், உள்ளே வேர் பிளந்துபோச்சு மேடம், காப்பாத்த முடியாது, எடுத்துடணும் என்றார் நவநீதன், எடுப்பதற்காகச் சனிக்கிழமைகளில் மட்டும் வரும் டாக்டர் இம்தியாஸ் இப்போது என் தலைமாட்டில் நிற்கிறார், இரண்டு பேரும் ஒன்றாகப் படித்தவர்களாம், இரண்டு பேருக்கும் என் மகன் வயசுதான் இருக்கும், பாக்யா என்கிற நர்ஸ் பெண் எச்சில் உறிஞ்சுகிற குழாயைக் கன்னத்துக்குள் மாட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறாள், குழாய் என் வாய்க்குள் சர்ர் சர்ர் என்று உறிஞ்சுகிறது, தலைக்கு மேலே விளக்கு, கண்ணை மூடினாலும் சிவப்பாகத் தெரிகிற விளக்கு. பயமா மேடம் என்று கேட்டாள் பாக்யா. தலையை ஆட்டினேன், ஆமாம் என்றும் இல்லை என்றும் எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். பயம்தான். எனக்குப் பயம் புதிதில்லை. பயத்தோடு மட்டையைப் பிடித்து நடந்துபோய் நடுவில் நின்று அம்பயரிடம் நடுக்குச்சிக்குக் கோடு கேட்டு வாங்கியவள் நான்.

"சரி நீ சொல்லு," என்கிறார் நவநீதன், என்னிடமில்லை, என் முகத்துக்கு மேலே எதிர்ப்பக்கம் நிற்கிற நண்பரிடம், "போன வாரம் பாதியில விட்டுட்டுப் போயிட்ட. உலகத்துலயே மோசமான பேட்ஸ்மேன் யாரு?" இம்தியாஸ் எதையோ என் ஈறுக்குள் நுழைத்து மெதுவாகத் திருகுகிறார், வலி இல்லை, அழுத்தம் மட்டும், யாரோ பக்கத்து அறையில் அலமாரியை நகர்த்துகிற மாதிரி. "பவுலருங்கள சேக்கக் கூடாது, கீப்பர சேக்கக் கூடாது. பேட்டிங்குக்குன்னே எடுத்த ஆளு, இன்டர்நேஷனல் ஆடியிருக்கணும், இருந்தும் ஒண்ணும் கிழிக்கல. அதான கேள்வி?" "அதேதான்." "அப்ப லின்ட்ஃபீல்ட். இங்கிலாந்து. ஆவரேஜ் எட்டு." "போடா, எட்டெல்லாம் நல்ல ஆவரேஜ். நம்ம கோர்படே இருக்கான், ஆறே முக்கால். அஞ்சாவதா இறங்குவான், ஆறாவது ஆளு பேடு கட்டறதுக்குள்ள திரும்பி வந்துருவான்." பாக்யா சிரிக்கிறாள், குழாய் கன்னத்துக்குள் ஆடுகிறது. "அவனுக்குப் பதிலா எங்கம்மாவ அனுப்பியிருந்தாக்கூட இன்னும் ரெண்டு பந்து நின்னிருப்பாங்க," என்கிறார் நவநீதன், மூன்று பேரும் சிரிக்கிறார்கள், என் வாய் பிளந்தபடி இருப்பதால் நானும் சிரிக்கிற மாதிரிதான் தெரிந்திருக்கும்.

நின்றிருக்க மாட்டார்கள் தம்பி. உங்கள் அம்மா மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, ஆனால் நின்றிருக்க மாட்டார்கள், எனக்குத் தெரியும், நான் நின்று பார்த்தவள். ஐந்து டெஸ்ட். ஒன்பது இன்னிங்ஸ். நாற்பத்தேழு ரன். இந்தியாவுக்காக. ஒவ்வொரு தடவையும் மூன்றாவதாக இறங்கினேன், பந்து போடத் தெரியாது, கீப்பிங் செய்ததில்லை, பேட்டிங்குக்கென்றே எடுக்கப்பட்டவள், உங்கள் கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான பதில் எந்த நாட்டில் கிடைக்கும், அது உங்கள் நாற்காலியிலேயே வாயைத் திறந்துகொண்டு படுத்திருக்கிறது, அதன் பல்லைத்தான் நீங்கள் பிடுங்கிக்கொண்டிருக்கிறீர்கள். நாற்பத்தேழை ஒன்பதால் வகுத்தால் ஐந்தேகாலுக்குக் கொஞ்சம் குறைவு. கோர்படே ஆறே முக்கால். கோர்படேயாம் கோர்படே. அவன் என் கால்தூசிக்கு வரமாட்டான். இங்கிலாந்தில் பூஜ்யம், ஆறு, மூன்று, மறுபடி பூஜ்யம், அடுத்த டூரில் நியூசிலாந்தில் ஒன்பது, நான்கு, பதினொன்று, பூஜ்யம், பதினான்கு, செபமாலை மணியை உருட்டுகிற மாதிரி இதை உருட்டியபடியே எத்தனை ராத்திரி தூங்கியிருக்கிறேன், பூஜ்யம், ஆறு, மூன்று, பூஜ்யம், அந்த மூன்றில் வந்து விரல் சிக்கிக்கொள்ளும், அந்த மூன்று மட்டும் மட்டையின் நடுவில் பட்டு வந்தது, கவர் பக்கம் புல்லைக் கிழித்துக்கொண்டு போனது, அந்தச் சத்தம் கைக்குள் ஏறி முழங்கை வரைக்கும் வந்தது, எனக்கு வந்த அடுத்த பந்தில் எல்பிடபிள்யூ.

"ஒரு நிமிஷம், கெட்டியா இருக்கு," என்கிறார் இம்தியாஸ், எதையோ மாற்றி எடுக்கிறார், உலோகத்தட்டில் கிணுங்குகிறது, இந்தச் சத்தம்தான் எனக்கு ஆகாது, பந்தைப் பற்றி எனக்குப் பயமே இருந்ததில்லை, முதுகுக்குப் பின்னால் குச்சி விழுகிற சத்தம், அதற்குத்தான் பயம், பந்து கண்ணுக்கு முன்னால் வருகிறது, அதோடு பேசலாம், சண்டை போடலாம், பின்னால் கேட்கிற சத்தத்தோடு என்ன பேசுவது, எல்லாம் முடிந்தபிறகு வருகிற சத்தம். "இது யாரு மேடம் கட்டினது இந்தப் பல்ல? ரொம்ப நல்ல வேலை. முப்பது வருஷம் இருக்கும்போல," என்கிறார் தட்டில் கிடக்கிற என் பழைய உறையைப் பார்த்து, ஆ ஆ என்றேன், சரி சரி பேசாதீங்க என்றார். எப்படிச் சொல்வேன். நியூசிலாந்தில் ஒரு பல் டாக்டரம்மா கட்டியது, டாக்டரே. நாலாவது டெஸ்ட், ரெண்டாவது இன்னிங்ஸ், மைதானத்துக்கு அந்தப் பக்கம் கடல், காற்று கத்தி மாதிரி, உள்ளே இரண்டு ஸ்வெட்டர் போட்டிருந்தேன், அவர்களுடைய வேகப்பந்துக்காரி ஒருத்தி, என்னைவிட ஒன்றரை அடி உயரம் இருப்பாள், ஓடி வரும்போது தரை அதிரும், அவள் போட்ட முதல் பந்து எழும்பி நேராக வாயில். அந்தக் காலத்தில் எங்களுக்குக் கம்பி வைத்த ஹெல்மெட்டெல்லாம் ஏது. ரத்தம் சட்டையில், உடைந்த பல் புல்லில். வெளியே போ என்று கைகாட்டினார் அம்பயர், பெவிலியனிலிருந்து எங்கள் கேப்டன் ஷுபாங்கி தீதி ஓடி வந்தாள், போய்விடு சகாயம், அடுத்தவள் வரட்டும் என்றாள் இந்தியில், போகமாட்டேன் என்றேன், நான் மூன்றாவது ஆள், இது என் இடம், கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டு மறுபடி கோடு கேட்டேன். ஊர் திரும்பின புதிதில் இந்தக் கதையைக் கேட்டவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவார்கள். அப்புறம் என்னாச்சு? அப்புறம் என்ன, அடுத்த பந்தில் போல்டு. பூஜ்யம். அந்தச் சத்தம். நிமிர்ந்து உட்கார்ந்தவர்கள் முகம் அப்படியே தொங்கும், நான் என்னவோ அவர்களை ஏமாற்றிவிட்ட மாதிரி. ரத்தம் வழிய நின்று சதம் அடித்திருந்தால்தான் அந்த ரத்தத்துக்கு மதிப்பா? பூஜ்யம் அடித்தவளின் ரத்தம் என்ன, பீட்ரூட் சாறா?

"பாவம் சார் அவங்கல்லாம்," என்கிறாள் பாக்யா, "அந்த எடத்துக்குப் போறதே பெரிய விஷயம் இல்லையா? கோடிப்பேர்ல ஒருத்தரு." எனக்குக் கோபம் வருகிறது, கோர்படேயை விட, நவநீதன் அம்மாவை விட, இந்தப் பாவத்தின்மேல்தான் கோபம். என் வீட்டுக்காரர் ஆரோக்கியராஜும் இதையேதான் செய்வார், கல்யாண வீட்டில் யாரைப் பார்த்தாலும் இவ இந்தியாவுக்கு ஆடினவ என்று என்னை முன்னால் தள்ளிவிடுவார், அப்படியாங்க, எவ்வளவு அடிச்சீங்க என்று அவர்கள் கேட்டதும் அதெல்லாம் எதுக்கு, பந்தி போட்டாச்சு, சாப்பிட வாங்க என்று எல்லோரையும் கிளப்பிக்கொண்டு போய்விடுவார், என்னைக் காப்பாற்றுகிறாராம், முப்பது வருஷமாக ஒவ்வொரு பந்தியிலும் என் நாற்பத்தேழை இலைக்கு அடியில் மறைத்து வைத்துவிட்டுச் சாப்பிட்டிருக்கிறார். அப்பா அப்படி இல்லை. அப்பா ரயில்வே லோகோ ஒர்க்ஸில் ஃபிட்டர், மீனம்பாக்கம் ஏர்போர்ட்டுக்கு என்னை அழைக்க வந்தவர் என் வீங்கின உதட்டைப் பார்த்தார், பெட்டியை வாங்கிக்கொண்டார், மொத்தம் எவ்வளவும்மா என்று கேட்டார். நாப்பத்தேழுப்பா. ஒரு மேட்ச்லயா? ரெண்டு டூரும் சேத்து. அப்பா பெட்டியை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார், பசிக்குதா என்றார். மறுநாள் ஷெட்டில் எல்லோரிடமும் அவரே சொல்லியிருக்கிறார், எம்பொண்ணு மூணு முட்டை போட்டிருக்கா, ரெண்டு இங்கிலாந்து முட்டை, ஒண்ணு நியூசிலாந்து முட்டை, உங்க எவனுக்காவது அத வாங்குற யோக்யதை இருக்கா? கேலி செய்யக் காத்திருந்தவர்களுக்குச் செய்ய ஒன்றும் மிச்சமில்லை. அப்பா சாகும்வரைக்கும் காலனியில் எனக்கு முட்டைக்காரி என்றுதான் பெயர், யாராவது அப்படிக் கூப்பிட்டால் அப்பாவின் முகம் மலரும்.

"லின்ட்ஃபீல்டா கோர்படேயா, ஒரு முடிவுக்கு வா," என்கிறார் நவநீதன். "கோர்படேன்னே வச்சுக்க," என்கிறார் இம்தியாஸ், மூச்சைப் பிடித்துக்கொண்டு திருகுகிறார், என் தலை நாற்காலியில் அவர் கையோடு சேர்ந்து ஆடுகிறது, "அவனுக்குக் கீழ யாருமே கிடையாது." யாருமே கிடையாது. இதுதான், இதுதான் இத்தனை நேரமாக என் தொண்டையில் நிற்கிறது, குழாயால் உறிஞ்ச முடியாமல். சிரிக்கிறார்களே என்று பயந்து கிடந்தேன், அடுத்தது என் பெயர் வந்துவிடுமோ என்று ஒவ்வொரு பெயருக்கும் கை நாற்காலியை இறுக்கிக்கொண்டது, வரவில்லை, வரப்போவதும் இல்லை, இவர்கள் உலகம் முழுக்கத் துழாவுகிறார்கள், ஆப்பிரிக்கா வரைக்கும் போய்த் தேடுவார்கள், பெரம்பூரில் தேடமாட்டார்கள், நான் தோற்றதுகூட இவர்கள் கணக்கில் இல்லை. அந்த ஒன்பது தடவையும் நான் திரும்பி நடந்ததை யார் பார்த்தார்கள், தலையில் துணி கட்டின நான்கு கிழவிகள், ஸ்கோர் எழுதுகிற பெண், ஒரு வெள்ளை நாய். கோர்படே மோசம் என்று உலகத்துக்கே தெரியும், அவனுக்கு அந்தக் கொடுப்பினை இருக்கிறது, அவன் ஆடினான் என்பதற்கு இவர்களுடைய சிரிப்பு சாட்சி. இங்கே ரயில்வே அணிக்காக நான் அடித்த சதங்களை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டாம், அதை நான் கேட்கவில்லை. என் நாற்பத்தேழைக் கொடுங்கள். அது என்னுடையது. ஐந்து டெஸ்ட் முழுக்கக் குளிரில் நின்று நானே சம்பாதித்த தோல்வி, அதைத் தூக்கிக் கோர்படேக்குக் கொடுக்க நீங்கள் யார்?

என்னவோ நொறுங்கியது. வலி இல்லை, எலும்புக்குள் ஒரு சத்தம் மட்டும், பிறகு மூக்குக்குக் கீழே திடீரென்று ஒரு காலியிடம், நாக்கு அங்கே போய்த் தொட்டுப் பார்த்து, பயந்து திரும்பியது. "வந்தாச்சு, அவ்வளவுதான் மேடம், தைரியமா இருந்தீங்க," என்கிறார் இம்தியாஸ், பஞ்சை மடித்து வைத்து, "இறுக்கிக் கடிச்சுக்கங்க. ஒரு மணி நேரம் பேசக்கூடாது," என்கிறார், கையுறையைக் கழற்றுகிறார், நாற்காலி முனகியபடி நிமிர்கிறது, விளக்கு தள்ளிப் போகிறது, இரண்டு இளம்பிள்ளைகளும் இப்போது தலைகீழாக இல்லை, நேராகத் தெரிகிறார்கள். ஒரு மணி நேரம். முப்பது வருஷம் பேசாமல் இருந்தாயிற்று, இன்னும் ஒரு மணி நேரமா? பஞ்சை வெளியே எடுத்தேன்.

"உங்க லிஸ்ட்டுல ஒரு ஃபேரு உட்டுஃபோச்சு," என்றேன் மரத்த உதட்டோடு.

"அடுத்த அப்பாயின்ட்மென்டா மேடம்? அதெல்லாம் பாக்யா எழுதித் தருவா. முதல்ல பஞ்ச வைங்க."

"அது இல்ல தம்பி. கோர்படேக்குக் கீழ யாரும் இல்லன்னீங்க. நான் இருக்கேன்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மருந்து தலைக்கு ஏறிவிட்டதோ என்று நினைத்திருப்பார்கள். பெயரைச் சொன்னேன், இரண்டு டூரையும் சொன்னேன், ஐந்து டெஸ்ட், நாற்பத்தேழு ரன், பார்த்துக்கங்க என்றேன், உதடு ஒத்துழைக்காததால் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சொல்லவேண்டியிருந்தது, ரத்தம் தாடையில் வழிய பாக்யா துடைத்துவிட்டுக்கொண்டே நின்றாள். இம்தியாஸ் போனில் தேடினார். முகம் மாறியது. என்னிடம் திருப்பிக் காட்டினார், என் பெயர், பிறந்த ஊர், படம் இருக்கவேண்டிய இடத்தில் முகமில்லாத ஒரு சாம்பல் உருவம், அதுவும் ஆண் உருவம், கீழே சின்ன எழுத்தில் நாற்பத்தேழு. சரியாகத்தான் போட்டிருந்தார்கள்.

"மேடம்," என்று நவநீதன் எழுந்தேவிட்டார், "சாரி மேடம், நாங்க சும்மா விளையாட்டுக்கு... எங்களுக்குத் தெரியாது. எவ்வளவு பெரிய பெருமை, எங்க கிளினிக்குக்கே..."

"பெருமையெல்லாம் அப்புறம் படலாம். எத்தனாவது இடம், அதச் சொல்லுங்க."

"அது வந்து மேடம், லேடீஸ் கிரிக்கெட் வேற இல்லையா. அதையும் இதையும் ஒண்ணா..."

"ஏன், எங்களுக்கு ரப்பர் பந்தா போட்டாங்க? இப்ப எடுத்தீங்களே ஒரு பல்லு, அது எப்படி உடைஞ்சுதுன்னு நெனக்கிறீங்க?"

பாக்யா வாயைப் பொத்திக்கொண்டாள். இம்தியாஸ் மட்டும் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. மெதுவாக, "மேடம், ஒரு ரூல் இருக்கு," என்றார், "குறைஞ்சது பத்து இன்னிங்ஸ் ஆடியிருக்கணும். நீங்க ஒன்பதுதான்."

"இந்த ரூலு எப்ப போட்டீங்க?"

காது சிவந்தது அவருக்கு. நல்ல பிள்ளை. என்னைக் காப்பாற்றுகிறார், இவரும் பந்திக்குக் கூப்பிடுகிறார்.

"பத்தாவது இன்னிங்ஸ்ல மழை தம்பி. பேடு கட்டி உக்காந்திருந்தேன், ரெண்டு நாளும் விடல. மழைக்கு நான் பொறுப்பில்ல. இப்ப சொல்லுங்க. கோர்படே ஆறே முக்கால், நான் அஞ்சேகால். யாரு கீழ?"

"நீங்கதான் மேடம்."

"கீழன்னா?"

அவர் என்னை நேராகப் பார்த்தார். "பேட்டிங்குக்குன்னே எடுத்த ஆளுங்கள்ல, எனக்குத் தெரிஞ்சு, எல்லாரையும் விட நீங்கதான் மோசம்."

"டேய்!" என்றார் நவநீதன்.

எனக்கு வயிற்றுக்குள்ளிருந்து சிரிப்பு வந்தது, உதடு வராததால் மூக்கு வழியாகச் சிரித்தேன், கண்ணில் தண்ணீர், பாக்யா பயந்துபோய் முதுகைத் தடவினாள், வெளியே காத்திருந்த ஒருவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார், கொஞ்சம் இருங்க சார் என்று அவளே கதவைச் சாத்தினாள். சொல்லிவிட்டான். ஒரு ஆள் என் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டான், வானம் இடிந்து விழவில்லை, நான் நாற்காலியில் நேராக உட்கார்ந்திருக்கிறேன், இன்னும் உயரமாகக்கூட.

"ஆனா ஒண்ணு கேக்கணும் மேடம்," என்றார் இம்தியாஸ், இப்போது குரலில் தயவு இல்லை, பழைய கிண்டலும் இல்லை, ஸ்டூலை இழுத்து எனக்கு எதிரே உட்கார்ந்துவிட்டார். "ரயில்வேக்கு இவ்வளவு சதம் அடிச்சிருக்கீங்க, அதுவும் இதுல இருக்கு. அங்க ஏன் முடியல?"

எவ்வளவு அடித்தாய் என்று கேட்காத ஆள் இல்லை. ஏன் என்று அப்பாகூடக் கேட்டதில்லை. ஷுபாங்கி தீதி கேட்டிருக்கலாம், அடுத்த டூருக்கு என் பெயரைப் போடாதபோதாவது யாராவது கேட்டிருக்கலாம், பதில் தயாராக இருந்தது என்னிடம், அந்தக் கடைசி டெஸ்டில் வீங்கின உதட்டோடு பதினான்கு அடித்த அன்றைக்கே தெரிந்துவிட்டது, மழையைப் பார்த்துக்கொண்டு பேடோடு உட்கார்ந்திருந்த இரண்டு நாளும் அதையேதான் காலால் பழகிக்கொண்டிருந்தேன்.

"காலு," என்றேன். "நாங்க இங்க தென்னைநார்ப் பாய் விரிச்ச பிட்ச்ல ஆடினவங்க. பந்து எங்க வரும்னு முன்னாடியே தெரியும், முன்னாடியே கால நீட்டிருவோம். அங்க ஈரப் புல்லு, குளிர்காத்து. பந்து பக்கத்துல வந்தப்புறம்தான் திரும்பும். அதுக்குள்ள என் கால் போயிருக்கும். போன காலத் திருப்பி எடுக்க முடியாதுல்ல."

"அப்ப என்ன பண்ணியிருக்கணும்?"

நாற்காலியிலிருந்து இறங்கினேன். கழுத்தில் கட்டியிருந்த பிளாஸ்டிக் துணியில் ரத்தத் துளிகள், அதை யாரும் அவிழ்க்கவில்லை. செருப்பை வாசலில் விட்டிருந்தேன், வெறுங்காலுக்கு டைல்ஸ் சில்லென்று இருந்தது. பக்கவாட்டில் திரும்பி நின்றேன், முழங்காலைக் கொஞ்சம் மடித்தேன், கை தானாக ஒன்றன்மேல் ஒன்றாகப் போய்ச் சேர்ந்துகொண்டது.

"ஓடி வாங்க," என்றேன் நவநீதனிடம்.

அவர் திருதிருவென்று விழித்தார், பிறகு அந்தச் சின்ன அறையில் மூன்று எட்டு ஓடி வந்து, இல்லாத பந்தை வீசுகிற மாதிரி கையைச் சுற்றினார்.

காத்திருந்தேன். பந்து கையை விட்டுப் போனபிறகும் காத்திருந்தேன், காற்றில் வந்தபோதும், கால் முந்தப் பார்த்தது, போகாதே என்றேன் அதனிடம், இன்னும் போகாதே, அது திரும்பட்டும், திரும்பியது, அப்போது இடது காலை எடுத்து, ஒரு சாண் தூரம், அதற்கு மேல் இல்லை, வைத்தேன்.

"லேட்டா," என்றேன். "இவ்வளவு லேட்டா."

இம்தியாஸ் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னொரு தடவ காட்டுங்க மேடம்," என்றார்.

நவநீதன் மறுபடி ஓடி வரக் கதவு வரைக்கும் திரும்பி நடந்தார்.